விடை தெரிந்த கேள்விகள்: தனிநிலைக் கணிதமும் நிரூபணம் எழுதக் கற்பதும்

பள்ளிக் கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்த மாணவர்கள் பலர், பல்கலைக்கழகத்தின் முதல் சில பருவங்களுக்குள் வரும் தனிநிலைக் கணிதப் பாடத்தில் எதிர்பாராமல் தடுமாறுகிறார்கள். பாடப்பொருள் கடினமானது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கணங்கள், முழு எண்கள், வகுபடும் தன்மை, எண்ணிக்கை முறைகள், புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட கிராஃப்கள் என அங்கே வருபவற்றுள் பெரும்பாலானவை, அதே மாணவர்கள் ஏற்கெனவே கடந்து வந்த நுண்கணிதத்தைவிட எளியவை. மாறியிருப்பது கேள்வியின் இயல்பு. 'இரண்டு ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படை எண் என நிறுவுக' என்னும் கேள்வியில் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அது உண்மை என்பதிலும் யாருக்கும் ஐயமில்லை. அப்படியானால் தாளில் எழுத வேண்டியது என்ன என்பதுதான் மாணவருக்குப் பிடிபடுவதில்லை.

இந்தச் சிக்கலுக்குப் பாடநூல்கள் வழக்கமாகச் செய்வது, நேரடி நிரூபணம், மறைமுக நிரூபணம், முரண்பாட்டின் வழி நிரூபணம், கணிதத் தொகுத்தறிதல் என்று முறைகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதியை ஒதுக்குவதாகும். இதில் பிழையில்லை; ஆயினும் இதைப் படிக்கும் மாணவர், புதிய கேள்வி ஒன்றைக் கண்டதும் 'இதற்கு எந்த முறை' என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார். ஊகத்துக்கு அங்கே அவ்வளவு இடமில்லை. ஒரு கூற்றின் தருக்க வடிவமே, அதன் நிரூபணம் எந்த வரியில் தொடங்கலாம், எதைக் கொடுக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளலாம், எந்த வரியில் முடிய வேண்டும் என்பவற்றைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. அந்த வடிவத்தைப் படிக்கத் தெரிவதே இப்பாடத்தின் உட்கரு என்றும், முறைகளின் பெயர்ப்பட்டியல் அதற்கு அடுத்த நிலையில்தான் வரும் என்றும் நான் கருதுகிறேன்.

இப்பாடம் பரவலானதற்குக் கணினி அறிவியலே பெருங்காரணம். ஏ.சி.எம். என்று சுருக்கமாக அறியப்படும் கணினியியல் சங்கம் 1968இல் வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரையிலேயே தனிநிலைக் கட்டமைப்புகளுக்கான அறிமுகப் பாடம் ஒன்று இடம்பெற்றிருந்தது. காரணம் வெளிப்படையானது. ஒரு நிரலுக்கு வரக்கூடிய உள்ளீடுகளுக்குக் கணக்கில்லை. சோதித்துப் பார்க்கக்கூடியவையோ சில. 'எந்த உள்ளீடு வந்தாலும் இந்த நிரல் சரியான விடையைத் தரும்' என்பது எல்லா உள்ளீடுகளையும் பற்றிய கூற்று என்பதால், சோதனைகளால் அதில் பிழை காட்ட முடியுமே தவிர, அதை உறுதிப்படுத்த முடியாது. 1967இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969இல் டோனி ஹோரும் நிரல்களின் சரித்தன்மையைக் கணிதக் கூற்றாக எழுதி நிறுவும் வழிகளை முன்வைத்த பின், நிரூபணம் கணிதத் துறைக்குள் மட்டும் அடங்கும் திறனாக இருக்கவில்லை. கணிதத் துறைகளும், கணக்கிடும் கணிதத்திலிருந்து நிறுவும் கணிதத்துக்குச் செல்லும் இணைப்புப் பாடமாக இதே பகுதிகளைப் பயன்படுத்திக்கொண்டன.

எடுத்துக்காட்டுகள் ஏன் போதா என்பதை மாணவர்கள் உண்மையிலேயே நம்ப வேண்டும். விதியாக மட்டும் ஏற்றுக்கொண்டால் பயனில்லை. ஆய்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ந² + ந + 41 என்னும் கோவையில் ந-க்கு 0, 1, 2 என்று 39 வரை எந்த எண்ணைப் பிரதியிட்டாலும் பகா எண்ணே கிடைக்கிறது. நாற்பது முறை தொடர்ந்து சரியாக வந்த பிறகு, 40ஐப் பிரதியிட்டால் வருவது 1681, அதாவது 41இன் வர்க்கம். இதைவிடச் சீக்கிரம் உடைந்த ஊகமும் உண்டு. 3, 5, 17, 257, 65537 என்று வளரும் தம் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று ஃபெர்மா நம்பினார். அவ்வரிசையில் அடுத்து வரும் 4294967297 என்பது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார். மறுபுறம், 2ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்னும் கோல்ட்பாக் ஊகம் 1742 முதல் நிற்கிறது. கணினி வழியாக 4×10¹⁸ வரை சரிபார்க்கப்பட்டும் அது தேற்றம் என்னும் பெயரை இன்னும் பெறவில்லை. எதிர் எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்று 'எல்லா' என்னும் கூற்றைச் சாய்த்துவிடும்; ஆதரவான எடுத்துக்காட்டுகள் எத்தனை கோடி சேர்ந்தாலும் அதை நிலைநிறுத்தா.

ஒற்றைப்படை எண்களுக்கு வருவோம். அந்த எளிய கேள்வியிலேயே பாடத்தின் பெரும்பகுதி இருக்கிறது. ஒற்றைப்படை எண் என்றால் என்ன என்று கேட்டால் '2ஆல் மீதியின்றி வகுபடாத எண்' என்பது வழக்கமான பதில். சரியான பதில்தான், ஆனால் அதைக் கொண்டு எதையும் கூட்ட முடியாது. 'க என்னும் ஏதோ ஒரு முழு எண்ணுக்கு 2க + 1 என்று எழுதத்தக்க எண்' என்று வரையறுத்த உடனே, கூட்டவும் பெருக்கவும் ஏதுவான ஒன்று கைக்கு வருகிறது. வரையறையை அறிந்திருப்பது வேறு, அதைப் பயன்படுத்தத்தக்க வடிவில் வைத்திருப்பது வேறு. முதல் பருவத் தேர்வுத்தாள்களில் இடைவெளி விழும் இடங்களைப் பார்த்தால், பல நேரங்களில் மாணவருக்கு அறிவுக்கூர்மை போதாமல் இல்லை; வரையறையை ஒரு வரியாக எழுதாமல் விட்டதே குறை.

அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. இரண்டு ஒற்றைப்படை எண்களையும் 2க + 1 என்றே எழுதி, கூட்டி, 4க + 2 என்று காட்டி, அது 2ஆல் வகுபடும் என்று முடித்துவிடுபவர்கள் ஏராளம். இயற்கணிதத்தில் தவறே இல்லை. ஆனால் அவர்கள் நிறுவியிருப்பது, ஓர் ஒற்றைப்படை எண்ணை அதனோடேயே கூட்டினால் இரட்டைப்படை எண் வரும் என்பதை மட்டுமே. 3ஐயும் 7ஐயும் பற்றி அந்த நிரூபணம் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் அதற்குரிய க தனித்தனியே இருக்கிறது என்பதே வரையறையின் பொருள் என்பதால், இரண்டாவது எண்ணை 2ம + 1 என்று வேறோர் எழுத்தால்தான் குறிக்க வேண்டும். அப்போது கூட்டுத்தொகை 2(க + ம + 1) ஆகிறது, வேலை முடிகிறது. எழுத்தை மாற்றுவது வெறும் எழுத்து ஒழுங்கு என்று எண்ணும் மாணவர், 'ஏதோ ஒரு முழு எண் உண்டு' என்னும் தொடருக்குள் இருக்கும் தருக்கத்தைத் தவறவிடுகிறார்.

'அ எனில் ஆ' என்னும் நிபந்தனைக் கூற்றே எல்லாவற்றிலும் அதிகமாகத் தொல்லை தருவது. அன்றாடப் பேச்சில் நாம் இவ்வடிவத்தைத் தளர்வாகவே கையாளுகிறோம் என்பதற்கு, உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட சோதனை நல்ல சான்று. நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரியும் பக்கங்களில் ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7 ஆகியவை உள்ளன. 'ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும்' என்ற விதி சரியா என அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் 4ஐயும் திருப்புவதாகப் பலர் சொல்கிறார்கள். 4ஐத் திருப்புவதில் பயனே இல்லை, ஏனெனில் அதன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி மீறப்படவில்லை. திருப்ப வேண்டியவை உயிரெழுத்தும் 7உம். கற்றறிந்தவர்களிலும் சிறுபான்மையினரே இதைச் சரியாகச் சொன்னார்கள். அதே வடிவத்தை, மது அருந்துபவருக்கு உரிய வயது ஆகியிருக்க வேண்டும் என்பது போன்ற சமூக விதியாக மாற்றி 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் கேட்டபோது பெரும்பாலோர் சரியாக விடையளித்தனர். ஆக, தருக்கம் மனிதருக்கு வராதது அன்று. பொருளை நீக்கி வடிவத்தை மட்டும் பார்ப்பதுதான் பயிற்சி இல்லாமல் வருவதில்லை.

அந்த 7ஐத் திருப்பத் தெரிந்தவருக்குக் கான்ட்ராபாசிட்டிவ் என்று வகுப்பறையில் வழங்கும் மறைமுக நிரூபண முறை ஏற்கெனவே தெரியும்: 'அ எனில் ஆ' என்பதும் 'ஆ இல்லையெனில் அ இல்லை' என்பதும் ஒரே கூற்று. ஆனால் 'ஆ எனில் அ' என்பது வேறு கூற்று. இந்த முறையை எப்போது கையில் எடுப்பது என்பதற்கும் காரணம் உண்டு. ந² இரட்டைப்படை எனில் ந-உம் இரட்டைப்படை என்று நிறுவ வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நேரடியாகப் போனால் ந² = 2க என்று தொடங்கி வர்க்கமூலத்தில் சிக்கிக்கொள்வோம். திருப்பிப் போட்டால் ந = 2க + 1 என்று தொடங்கலாம்; வர்க்கப்படுத்தினால் 4க² + 4க + 1 என்னும் ஒற்றைப்படை எண் உடனே வந்துவிடுகிறது. வர்க்கப்படுத்துவது எளிது, மூலம் காண்பது கடினம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் கையாளத்தக்க சமன்பாடு கிடைக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான்.

முரண்பாட்டின் வழி நிறுவும் முறை மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போய்விடுகிறது. பிடிக்க வேண்டிய அளவுக்கு மேலேயே பிடித்துவிடுகிறது என்பது என் எண்ணம். √2 விகிதமுறா எண் என்பதற்கு அது தேவை: √2ஐ மிகச்சுருக்கிய பின்னமாக த/ப என்று எழுத முடியும் என்று கொண்டால், த² = 2ப² ஆகிறது; மேலே நிறுவியதன்படி த இரட்டைப்படை; அதைப் பிரதியிட்டால் ப-உம் இரட்டைப்படை; பின்னம் சுருங்கிய வடிவில் இல்லை என்னும் முரண் கிடைக்கிறது. 'விகிதமுறா' என்பது ஒன்றின் இன்மையைச் சொல்வது. இன்மையை நிறுவ, அது இருப்பதாகக் கொண்டு முரணை எட்டுவது வடிவத்துக்கு இயல்பான வழி. ஆனால் பகா எண்கள் முடிவிலி என்பதையும் இப்படியே நிறுவ வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். யூக்ளிடின் ஒன்பதாம் நூலின் இருபதாம் கூற்று சொல்வது நேரடியானது: பகா எண்களின் எந்த முடிவுறு பட்டியலைக் கொடுத்தாலும் அதில் இல்லாத பகா எண் ஒன்று உண்டு. பட்டியலில் உள்ளவற்றைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் வரும் எண்ணின் பகாக் காரணி எதுவும் பட்டியலில் இருக்க முடியாது. கூட்டி வந்த எண்ணே பகா எண் என்று எழுதுவது இங்கே அடிக்கடி காணப்படும் தவறு; 2×3×5×7×11×13 + 1 = 30031 என்பது 59×509.

'ஒவ்வொரு', 'ஏதோ ஒன்று உண்டு' போன்ற அளவுச் சொற்களின் வரிசை தனிக்கவனத்துக்குரியது. 'ஒவ்வொரு முழு எண்ணுக்கும் அதைவிடப் பெரிய முழு எண் உண்டு' என்பது உண்மை. 'ஒரு முழு எண் உண்டு, அது ஒவ்வொரு முழு எண்ணைவிடவும் பெரியது' என்பது பொய். சொற்கள் ஏறக்குறைய அவையே, இடம்தான் மாறியிருக்கிறது. முதல் கூற்றில் எதிராளி ஓர் எண்ணைச் சொன்ன பிறகு நாம் நம்முடையதைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டாவதில் அவர் என்ன சொல்வார் என்று தெரியாமலே நாம் முதலில் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாடு தொடக்கநிலை மாணவர்களை மட்டும் தொல்லைப்படுத்தியது அன்று. தொடர்ச்சியான சார்புகளின் குவியும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று 1821இல் கோஷி எழுதினார். இதற்கு விதிவிலக்குகள் உள்ளதாக 1826இல் ஆபெல் சுட்டிக்காட்டினார். கோஷியின் சொற்களை வேறு விதமாகப் படிக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் இன்றைய பாடநூல் மொழியில், புள்ளிதோறும் குவிதலுக்கும் (ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே நெருங்குவது) சீரான குவிதலுக்கும் (எல்லாப் புள்ளிகளிலும் ஒருசேர நெருங்குவது) இடையே உள்ள வேறுபாடு இந்த அளவுச் சொற்களின் வரிசையன்றி வேறில்லை. அதனால்தான் பகுப்பாய்வுப் பாடத்துக்கு முன்பே தனிநிலைக் கணிதத்தில், முழு எண்களை வைத்தே, இதைப் பழகிக்கொள்வது நல்லது.

தொடக்க எண்ணுக்குச் சரிபார்த்து, ஓர் எண்ணுக்கு உண்மை எனில் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டி, எல்லா எண்களுக்கும் நிறுவும் கணிதத் தொகுத்தறிதல் பழமையானது. முதல் ந ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை ந² என்பதை 1575இல் அச்சான நூலில் மவுரோலிகோ இவ்வகையில் நிறுவினார். பாஸ்கல் தம் முக்கோணத்தைப் பற்றிய ஆய்வில் இம்முறையைத் தெளிவாகக் கையாண்டார். இருந்தும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்கிறார்: நிறுவ வேண்டியதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு நிறுவுவது எப்படி நியாயம்? இது நல்ல கேள்வி. கேட்காமல் இருப்பவர்களைவிடக் கேட்பவர் நன்றாகக் கவனித்திருக்கிறார். விடை மறுபடியும் கூற்றின் வடிவத்தில்தான் இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்வது 'எல்லா எண்ணுக்கும் உண்மை' என்பதை அன்று. 'க-க்கு உண்மை எனில் க + 1க்கும் உண்மை' என்னும் நிபந்தனைக் கூற்றை நிறுவுகிறோம்; அதன் முன்பகுதியை எடுத்துக்கொள்வது எந்த நிபந்தனைக் கூற்றை நிறுவும்போதும் செய்வதே. அந்த நிபந்தனை மட்டும் கூற்று எங்காவது உண்மை என்று சொல்வதில்லை. தொடக்க எண்ணைத் தனியே சரிபார்த்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே நிபந்தனைக் கூற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவருக்குத் தொகுத்தறிதல் என்றும் மந்திரமாகவே இருக்கும்.

படிகளை இயந்திரம்போல் நிரப்புவதன் ஆபத்தைக் காட்ட, எல்லாக் குதிரைகளும் ஒரே நிறம் என்னும் புகழ்பெற்ற போலி நிரூபணம் உதவும். ஒரு குதிரை உள்ள கூட்டத்துக்குக் கூற்று சரி. க குதிரைகள் கொண்ட எந்தக் கூட்டமும் ஒரே நிறம் எனில், க + 1 குதிரைகளில் கடைசிக் குதிரையை விலக்கினால் மற்றவை ஒரே நிறம், முதல் குதிரையை விலக்கினாலும் மற்றவை ஒரே நிறம். இரண்டு கூட்டங்களுக்கும் பொதுவான குதிரைகள் இருப்பதால் எல்லாமே ஒரே நிறம். முடிவு அபத்தம் என்பதால் 'இதில் ஏதோ தவறு' என்று சொல்வது எளிது; எந்த வரி, எந்த க-க்குத் தவறு என்று சொல்வதே பயிற்சி. க = 1 ஆக இருக்கும்போது இரண்டு கூட்டங்களுக்கும் பொதுவான குதிரை எதுவும் இல்லை. மற்ற எல்லா க-க்கும் அந்தப் படி சரியானது; ஒரே இடத்தில் அறுந்ததால் முழுவதும் போயிற்று.

தொகுத்தறிதலில் இன்னொரு வியப்பும் உண்டு. முதல் ந ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை 'ஏதோ ஒரு முழு வர்க்கம்' என்று மட்டும் நிறுவ முயன்றால் முடியாது. க-வரை கூட்டினால் வருவது ஒரு வர்க்கம் என்று தெரிந்தாலும், எதன் வர்க்கம் என்று தெரியாமல் அடுத்த ஒற்றைப்படை எண்ணைக் கூட்டி என்ன பயன்? 'அது சரியாக ந²' என்று அதிகமாகச் சொன்னால் ந² + (2ந + 1) = (ந + 1)² என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கூடுதலாகக் கோருவது நிறுவுவதை எளிதாக்குகிறது, ஏனெனில் நிறுவ வேண்டியதோடு சேர்ந்து கருதுகோளும் வலுப்பெறுகிறது. தொடக்கப்படிகள் எத்தனை தேவை என்பதும் இப்படி யோசித்தால் தெளிவாகும். 12 முதல் எந்த முழு எண்ணையும் 4களையும் 5களையும் மட்டும் கூட்டிப் பெறலாம் என்பதில், ஓர் எண்ணிலிருந்து அதைவிட நான்கு பெரிய எண்ணுக்குத் தாவுகிறோம்; ஆகவே 12, 13, 14, 15 ஆகிய நான்கையும் கையால் காட்டியே ஆக வேண்டும்.

எண்ணிக்கை முறைகள், கிராஃப்கள் ஆகியவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. அவை பெரும்பாலும் மேற்கண்டவை வேலை செய்யும் களங்கள். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக ஒரே முறை கடந்து நடக்க முடியுமா என்பதைப் பற்றி 1736இல் ஆய்லர் எழுதியது, ஒவ்வொரு புள்ளியிலும் சேரும் கோடுகள் ஒற்றையா இரட்டையா என்ற கேள்வியாகவே முடிந்தது. எந்த நிலவரைபடத்திலும் எல்லையைப் பகிரும் நாடுகள் வேறு வேறு நிறத்தில் அமைய நான்கு வண்ணங்கள் போதும் என்னும் நான்கு வண்ணத் தேற்றத்துக்கு 1879இல் கெம்ப் கொடுத்த நிரூபணம் பதினோரு ஆண்டுகள் ஏற்கப்பட்டிருந்து, 1890இல் ஹீவுட் அதன் ஓட்டையைக் காட்டினார் என்பதையும், 1976இல் ஆப்பெல், ஹாக்கன் இருவரும் கணினியின் துணையோடுதான் அதை நிறுவினார்கள் என்பதையும், தம் நிரூபணத்தில் சிவப்பு மை கண்டு சோர்ந்துபோகும் மாணவர்களுக்குச் சொல்வது நல்லது.

எழுதும் திசை இன்னொரு சிக்கல். மிகையெண்கள் இரண்டின் கூட்டுச்சராசரி அவற்றின் பெருக்குச்சராசரிக்கு (பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்துக்கு) குறையாது என்பதை நிறுவச் சொன்னால், பலர் அந்தச் சமனிலியையே முதல் வரியாக எழுதி, இருபுறமும் வர்க்கப்படுத்தி, சுருக்கி, 'ஒரு வர்க்கம் பூச்சியத்துக்குக் குறையாது, ஆகவே சரி' என்று முடிக்கிறார்கள். வழியைக் கண்டுபிடிக்க இது நியாயமான முறை. நிரூபணமாக இது தலைகீழ். இப்படி எழுதலாம் என்றால் −1 = 1 என்று தொடங்கி, வர்க்கப்படுத்தி, 1 = 1 என்று முடித்து, −1 = 1 என்பதையும் 'நிறுவிவிடலாம்'. தேடிய தாளில் இருப்பதைக் கடைசி வரியிலிருந்து திரும்ப எழுதி, ஒவ்வொரு படியும் அந்தத் திசையிலும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும். பாடநூல் நிரூபணங்களில் முதல் வரி வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுவே: தேடிய தாளை அவை அச்சிடுவதில்லை.

எழுதி முடித்த நிரூபணத்தை மாணவர் தாமே சோதிக்க ஒரு நல்ல வழி, பொய்யான கூற்று ஒன்றின்மேல் அதைச் செலுத்திப் பார்ப்பது. √2ஐப் பற்றிய நிரூபணத்தில் 2 வரும் இடங்களில் எல்லாம் 4ஐ எழுதினால் என்ன ஆகும்? √4 விகிதமுறு எண்தான்; ஆகவே எங்கோ ஒரு வரி உடைந்தாக வேண்டும். த² = 4ப² என்பது வரை தடையில்லை, த² நான்கால் வகுபடும் என்பதும் சரி. 'ஆகவே த நான்கால் வகுபடும்' என்னும் அடுத்த வரிதான் நிற்கவில்லை: 36 நான்கால் வகுபடுகிறது, 6 வகுபடுவதில்லை. 2க்கு அந்த வரி நின்றது 2 பகா எண் என்பதால்தான். அதே காரணத்தால் 3, 5, 7 ஆகியவற்றின் வர்க்கமூலங்களுக்கு அந்த நிரூபணம் அப்படியே பொருந்தும். 6க்குப் பொருந்துமா என்பதையும், ஏன் என்பதையும் தாளில் எழுதிப் பார்க்கலாம்.